ஹாலில் நிற்கும் ஃப்ரிட்ஜ்

சொந்தக்காரர்கள் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதல்பக்கம் என்றால்தான் தெரியும். எப்போது விசாரித்தாலும், "இன்னும் கொஞ்ச நாள்தான், தேடுபொறியில என் சைட்டு முதல் பக்கத்துக்கு வந்துடும்" என்பான். வருடக்கணக்கில் அதே பதில் என்றால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? அதையே பெயராக ஒட்டிவிட்டார்கள்.

அவன் தொழிலை விளக்குவதற்குள் நமக்கு நாக்கு தள்ளிவிடும். இருந்தாலும் சொல்கிறேன். பெரிய கடைகள் தங்கள் பொருள்களின் பெயர், படம், அளவு, வர்ணனை எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கும். முதல்பக்கம் அதை வாங்கித் தன் இணையதளத்தில் பக்கம் பக்கமாகப் பரப்பி வைப்பான். படிக்க வந்தவர் அங்கிருக்கும் இணைப்பை அழுத்திக் கடையில் வாங்கினால் இவனுக்குக் கமிஷன். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கோப்பு இவனைப்போன்ற அத்தனை பேர் கையிலும் இருக்கிறதே! எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினால் தேடுபொறி யாரை முன்னால் உட்கார வைக்கும்? இவனை ஈ காக்கைகூட எட்டிப்பார்க்காத கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டது.

நம்மாள் அசருவானா? வார்த்தைகளைத் தானாக மாற்றிப்போடும் ஒரு மென்பொருளைப் பிடித்துவந்தான். அவ்வளவுதான், சத்தமில்லாத மின்விசிறி மௌனவிரத மின்விசிறி ஆயிற்று. ஒட்டாத வாணலி பற்றற்ற வாணலி ஆயிற்று. பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் அவன் மனைவி அதைப் படித்துவிட்டு, "அந்த வாணலில ஒண்ணு வாங்கி உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல வைங்க. உங்களுக்கும் கொஞ்சம் பற்று விடட்டும்" என்றாள்.

போதாக்குறைக்கு எல்லாப் பக்கங்களின் தலையிலும் ஒரு வரி: 'எங்கள் வீட்டில் பயன்படுத்திப் பார்த்த பிறகே பரிந்துரைக்கிறோம்.' தொட்டில் முதல் சக்கர நாற்காலி வரைக்கும் அந்த வரிதான். அவர்கள் வீட்டில் இருந்ததோ தட்டினால் சுற்றும் ஒரு டேபிள் ஃபேன்.

இவ்வளவையும் நம்பிய ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்று. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவன் அக்கா. "உன் தம்பி வீட்டுலயேதான் இருக்கானாமே?" என்று யாராவது இழுத்தால் போதும். "அவன் இருந்த இடத்துலேருந்தே ஆயிரம் கடை நடத்துறான். உங்க கண்ணுக்குத் தெரியலைன்னா அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?" என்று வாயை அடைத்துவிடுவாள். பழைய ஃப்ரிட்ஜ் மண்டையைப் போட்டதும் அந்த அக்கா தம்பியின் தளத்துக்குத்தான் போனாள். அதில் போட்டிருந்த அகலத்தைச் சமையலறை வாசலோடு டேப் வைத்து ஒத்துப்பார்த்தாள். தம்பி சொன்ன பிறகு கடைக்காரன் சொல்வதை எதற்குப் பார்க்க வேண்டும்? அவன் இணைப்பையே அழுத்தி வாங்கினாள்.

ஃப்ரிட்ஜ் வந்தது. சமையலறைக்குள் மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், வாசற்கதவையே கழற்றிப் பார்த்தார்கள். அத்தான் நிலையை இடிக்கலாமா என்றுகூட யோசித்தார். வாடகை வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அளவு சரியாகத்தான் இருக்கிறது, பிரித்த சரக்கைத் திரும்ப எடுக்க முடியாது என்று கடை கையை விரித்துவிட்டது.

தப்பு முழுக்க முதல்பக்கத்துடையதுதான். இரண்டு கடைகளின் கோப்புகளை இணைக்கும்போது, நிறையப் பொருள்கள் ஒத்துப்போகட்டும் என்று மாடல் எண்ணின் கடைசி எழுத்தை வெட்டிவிட்டிருந்தான். சின்னதா பெரியதா என்று சொல்வதே அந்த எழுத்துதான். பெரிய ஃப்ரிட்ஜின் படத்துக்குக் கீழே சின்னதின் அளவு போய் உட்கார்ந்துகொண்டது.

அக்கா போன் செய்தாள். கத்தவில்லை. "எங்க வீட்டுல பயன்படுத்திப் பாத்தோம்னு போட்டிருக்கியே, எந்த வீட்டுலடா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் வைத்துவிட்டாள். அதோடு பேச்சும் நின்றுபோனது.

டேப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனான். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோரணையில் நின்றுகொண்டிருந்தது ஃப்ரிட்ஜ். அக்கா அவன் முகத்தையே பார்க்காமல் புருஷனிடம், "அவரை அளக்கறதுன்னா அளந்துட்டுப் போகச் சொல்லுங்க. டிவியை மறைக்குது" என்றாள். அவர்! பிறந்ததிலிருந்து 'டேய்' என்று கூப்பிட்டவள், அவர் என்கிறாள். கைப்பிடியோடு ஒருமுறை, கைப்பிடி இல்லாமல் ஒருமுறை அளந்துவிட்டு ஓடிவந்தான்.

வந்ததும் அந்த வீறாப்பு வரியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் அழித்தான். வெட்டிய எழுத்தைத் திரும்பச் சேர்த்தான். பிறகு அந்த ஃப்ரிட்ஜின் பக்கத்தை மட்டும் தன் கையாலேயே எழுதினான்: 'இதை நான் பயன்படுத்தியதில்லை. என்னை நம்பி என் அக்கா வாங்கினாள். நான் போட்டிருந்த அகலம் தப்பு. சரியான அளவு கீழே இருக்கிறது. வாங்குவதற்கு முன் உங்கள் வாசலை அளந்துவிடுங்கள். அக்கா வீட்டில் இது ஹாலில் நிற்கிறது. மோட்டார் ஓடினால் டிவியில் பேசுவது கேட்பதில்லை. மன்னித்துக்கொள், அக்கா.'

இப்படி ஒரு வாசகம் வேறு யாருடைய கோப்பிலும் இல்லை. குறுகலான வாசலை வைத்துக்கொண்டு தேடியவர்கள் எல்லாரும் அங்கே வந்து நின்று படித்தார்கள். பக்கம் மெல்ல மேலே ஏறி, ஒருநாள் நிஜமாகவே முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. மனைவி கைகுலுக்கினாள். அவனுக்குச் சந்தோஷமே இல்லை. இதைச் சொல்ல வேண்டிய ஆள் போனை எடுக்கவில்லையே!

கொஞ்ச நாளில் அந்தக் கொடுப்பினையும் போயிற்று. பெரிய தளம் ஒன்று அந்தப் பக்கத்தை அப்படியே சுட்டு, ஒரு எழுத்துகூட மாற்றாமல் போட்டு, இவனைக் கீழே தள்ளிவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டது. அடப்பாவி, மன்னிப்பைக்கூடவா திருடுவான் என்று முதல்பக்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"டேய், எவன்டா அவன்?" அக்காதான். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "நீ எழுதினதை நான் தினமும் ஒரு தடவை பாத்துட்டுதான் வேலைக்குப் போறேன். இன்னிக்குத் தேடினா வேற எவனோ என்னை அக்காங்கறான்! என் ஃப்ரிட்ஜு அவன் வீட்டு ஹால்லயா இருக்கு?"

"அக்கா..." என்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று பக்கத்தில் நின்ற மனைவிக்கே புரியவில்லை.

"நீ ஒண்ணும் பேசாத. அவன் பக்கத்துக்குக் கீழ எழுதறதுக்கு இடம் விட்டிருந்தான். நல்லா எழுதிட்டேன். போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான். அக்கா எழுதியிருந்தாள்: 'தப்பா அளவு போட்டதும் என் தம்பி, மன்னிப்புக் கேட்டதும் என் தம்பி. நடுவுல நீ யாருப்பா?'