நாலு பூட்டு, ஒரு பாலைவனம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. நாற்பதாவது மாடியில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து, கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிற ஆள். அப்படிப்பட்டவருக்கு வெட்டவெளி என்றால் பயம். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் நானும் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமான புதிதில் என் தம்பி ஆடிய கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனோம். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. மைதானத்தைக் குறுக்கே கடந்தால் இரண்டு நிமிஷத்தில் பஸ் நிறுத்தம். இவர் வேலியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தார். கால் மணி நேரம் ஆனது. புதுப் பெண்டாட்டிமேல் ஏதோ கோபம்போல என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"நாலு பக்கமும் ஒண்ணுமே இல்லைன்னா தரை நழுவுற மாதிரி இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் சுவர் இருக்கும். அது போதும் அவருக்கு. தெருவில் சைக்கிள் ஓட்டுவதில்கூட கில்லாடிதான். இரண்டு பக்கமும் கட்டடம் இருக்கிறதே!

இந்த மனிதர் மூன்று வருஷமாக மாய்ந்து மாய்ந்து திட்டம் போட்டது எதற்குத் தெரியுமா? பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, அங்கே இருக்கும் கல்மலையில் மலை சைக்கிள் ஓட்டுவதற்கு. கேட்டால், "கட்டடமே இல்லாத இடத்துல மூணு நாள் இருக்கணும். லிஃப்ட் நின்னுபோச்சுன்னு ஒருத்தனும் கூப்பிடக் கூடாது" என்பார். ஆசையும் அதே இடத்தின் மேல், பயமும் அதே இடத்தின் மேல். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

திட்டத்தில் நாங்கள் நாலு பேர். அவர், நான், அவரோடு ஜோடியாக வேலை பார்க்கும் நெட்டை, என் பள்ளித் தோழி பஞ்சர். நெட்டைக்கு அந்தப் பெயர் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைவான். பஞ்சர் சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். டயரை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "முள்ளு இன்னும் உள்ளதான் இருக்கு" என்பாள். இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் வரைபடத்தை விரித்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீரா, ஆறா என்பதிலேயே ஒரு மழைக்காலம் போனது. மணலில் சாதாரண ஆணி நிற்காது, கூடாரத்துக்கு அகலமான முளைதான் வேண்டும் என்று இவர் ஒரு வருஷம் நின்றார். மணல் வந்ததும் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், பாறை வந்ததும் ஏற்ற வேண்டும், பம்பை யார் சுமப்பது என்று பஞ்சர் ஒரு பக்கம். "அதெல்லாம் சரி, ஒதுங்குறதுக்கு எங்க போறது? மறைவுக்கு ஒரு செடிகூட இல்லையே" என்று நான் கேட்டபோது மட்டும் மூன்று பேரும் வரைபடத்தையே பார்த்தார்கள்.

இதில் இவர் கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. லிஃப்ட் வேலையில் ஷாஃப்டுக்குள் இறங்குகிறவர்கள் எல்லோரும் மெயின் சுவிட்சில் ஆளுக்கு ஒரு பூட்டுத் தொங்கவிட வேண்டும். அதற்கென்றே ஆறு ஓட்டை உள்ள இரும்புக் கவ்வி இருக்கிறது. அவரவர் பூட்டு, அவரவர் சாவி. வெளியே வந்தவன் தன் பூட்டைக் கழற்றிக்கொள்வான். கடைசிப் பூட்டு கழலும்வரை யாரும் சுவிட்சைத் தொட முடியாது. ஒரு பூட்டுத் தொங்கினாலும் உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

அதே கவ்வியை எங்கள் பால்கனி அலமாரியில் மாட்டிவிட்டார். உள்ளே கூடாரம், தூங்கும் பை, டார்ச், அடுப்பு எல்லாம் இருந்தன. "யாருக்கு எந்தக் குறை பாக்கி இருந்தாலும் பூட்டுத் தொங்கட்டும். நாலும் கழண்ட பிறகு வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பறோம்" என்றார். சுற்றுலாவுக்குப் பூட்டுப் போட்டுக் கிளம்பிய ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும்.

நெட்டையின் சிவப்புப் பூட்டு, மகளின் பரீட்சை முடிந்ததும் கழன்றது. பஞ்சரின் பச்சைப் பூட்டு, கடையைப் பார்த்துக்கொள்ள அவள் அண்ணன் ஒப்புக்கொண்டதும் கழன்றது. நான் மருந்துக் கடையில் லீவு சொல்லிவிட்டு என் மஞ்சள் பூட்டைக் கழற்றினேன். நீலம் மட்டும் தொங்கியது. அது அவருடையது.

அந்த நேரம் பார்த்து நெட்டைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதி அங்கே இருக்க வேண்டும். பாலைவனத்தில் குளிரும் இந்த மாதத்தோடு சரி, பிறகு வெயில் ஆளைச் சுட்டுவிடும். ஆகவே மாதக் கடைசியில் வரும் வெள்ளிக்கிழமையை விட்டால் நாலு பேர் சேர்ந்து போவது இந்த ஜென்மத்தில் நடக்காது. எல்லோருக்கும் அது தெரியும். இவருக்கும் தெரியும். ஆனாலும் தினமும் காலையில் பால்கனிக்குப் போவார், நீலப் பூட்டைக் கையில் ஏந்திப் பார்ப்பார், திரும்பி வந்துவிடுவார்.

நெட்டை போன் செய்தபோது, "இன்னும் ஒண்ணு தொங்குதுடா" என்றாராம். யாருடையது என்று சொல்லவில்லை. அவனாகவே அது என்னுடையது என்று முடிவு கட்டிவிட்டான். இவரும் திருத்தவில்லை.

கிளம்ப வேண்டிய வெள்ளிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெட்டையும் பஞ்சரும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றான் நெட்டை.

"கேளு."

"மருந்துக் கடையில மூணு நாள் லீவு வாங்கறதுல அப்படி என்ன கஷ்டம்? வேணும்னா நான் வந்து முதலாளிகிட்ட பேசட்டுமா?"

"இவ பள்ளிக்கூடத்துலயே இப்படித்தான்" என்றாள் பஞ்சர். "டூருக்குப் பேர் கொடுப்பா. பஸ் கிளம்புறப்ப வயித்துவலின்னு படுத்துப்பா."

ஒரே ஒரு தடவை அப்படி நடந்தது உண்மைதான். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. இவரைப் பார்த்தேன். மேஜைமேல் கூடார முளைகளை ரொம்ப அக்கறையாக எண்ணிக்கொண்டிருந்தார். மொத்தம் இருபத்துநாலு. மூன்று வருஷமாக இருபத்துநாலுதான்.

பால்கனிக் கதவைத் திறந்துவிட்டேன்.

"அது யார் பூட்டுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

கம்பெனிப் பூட்டு அது. யாருடையது என்று தெரிவதற்காக அவர் போட்டோவே அதில் ஒட்டியிருந்தது. அந்தப் போட்டோ எங்கள் எல்லோரையும் நேராகப் பார்த்தது.

நெட்டை முதலில் சிரித்தான். ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டான். "என்னண்ணே இது?" என்று திரும்பியவன், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். இவர் முளைகளைக் கீழே வைத்தார். ஒரு வார்த்தையும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். கால்பந்து மைதானம், வேலி, தரை நழுவுவது எல்லாம். எனக்கு மட்டும் தெரிந்ததை நானே சந்தி சிரிக்க வைத்துவிட்டேனே என்று இருந்தது. அந்த நிமிஷம் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. இத்தனைக்கும் அந்த ரகசியத்தை நான் நாக்கால் சொல்லவே இல்லை.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்றார். "பிளான் பக்காவா இருக்கு. நான் இல்லாட்டி ஒண்ணும் குறைஞ்சிடாது."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். நெட்டை இரண்டே எட்டில் குறுக்கே போய் நின்றான்.

"ஆள் உள்ள இருக்கும்போது பூட்டை எடுப்பீங்களாண்ணே?"

"நான் எங்கடா உள்ள இருக்கேன்? வீட்டுல நிக்கறேன்."

"இல்லண்ணே. உள்ளதான் இருக்கீங்க."

நெட்டை தன் சாவிக்கொத்தில் மாட்டியிருந்த சிவப்புப் பூட்டை எடுத்தான். மறுபடியும் கவ்வியில் போட்டு அழுத்தினான். மாற்றலாகிப் போகிறவன் அவன். இந்த வெள்ளி போனால் அதிகம் இழக்கிறவனும் அவன்தான்.

"எனக்கு உங்க லிஃப்ட் சட்டம் ஒண்ணும் புரியலை" என்றாள் பஞ்சர். ஆனாலும் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஸ்பானருக்கு நடுவிலிருந்து பச்சைப் பூட்டைத் தேடி எடுத்து மாட்டினாள். என்னுடையது துணி கிளிப் டப்பாவில் கிடந்தது. நானும் போய் எடுத்து வந்தேன். நாலும் தொங்கின. போனால் நாலு பேர், இல்லையென்றால் ஒருவரும் இல்லை.

அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பஞ்சருக்கு அழுகை என்றாலே ஆகாது.

"போதும், போதும். சுவர் இல்லைன்னா தலையா போச்சு? நாங்க நிக்கறோம் சுவரா. இந்தப் பக்கம் நெட்டை, அந்தப் பக்கம் நான், முன்னாடி உங்க வீட்டம்மா."

"பின்னாடி?" என்று கேட்டார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"பின்னாடி எதுக்கு நீங்க திரும்பிப் பார்க்கறீங்க?"

மறுநாள் காலையிலேயே தொடங்கினோம். ஊர் ஓரத்தில் பொருட்காட்சி மைதானம் இருக்கிறது. பொருட்காட்சி இல்லாத நாட்களில் அதன் கார் நிறுத்தும் இடம் காலியாகக் கிடக்கும். இந்த வேலியிலிருந்து அந்த வேலிக்கு எப்படியும் முக்கால் கிலோமீட்டர். நடுவில் ஒரு கம்பம்கூடக் கிடையாது.

முதல் நாள் நாற்பது மீட்டர் வந்தார். இறங்கிவிட்டார். செயின் இறுக்கமாக இருக்கிறது என்றார். "நேத்துதான் எண்ணெய் போட்டேன், கதை விடாதீங்க" என்றாள் பஞ்சர். மூன்றாம் நாள் நூற்றைம்பது மீட்டர். அன்றைக்கு அவர் சட்டையைப் பிழிந்தால் வாளி நிறைந்திருக்கும். நாலு சைக்கிளும் முழங்கை உரசுகிற நெருக்கத்தில் ஓட வேண்டும். நெட்டையின் முழங்கால் எட்டு தடவையாவது என் வீட்டுக்காரரின் ஹேண்டில்பாரில் இடித்திருக்கும். எங்களைத் தினமும் பார்த்த காவலாளி ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏதாச்சும் மந்திரிக்குப் பாதுகாப்பு ஒத்திகையா?"

ஆறாம் நாள் பாதி மைதானம். ஏழாம் நாளும் அதே பாதி. அவருக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனால் கொஞ்சம் கூட வருகிறார் என்று அன்றுதான் கண்டுபிடித்தோம். எட்டாம் நாள் முக்கால்வாசியில் நின்றுவிட்டார். இன்னும் மூன்றே நாள், அதற்கடுத்தது வெள்ளி. வீட்டில் யாரும் பூட்டைப் பற்றிப் பேசுவதில்லை. நான் மட்டும் மூன்று நாள் லீவை ரத்து செய்வதற்கு என்ன சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள், பஞ்சர் அவரிடம் கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அது போதுமே! முன் டயரைப் பார்த்தபடி ஆரம்பித்துவிட்டார். காற்று எந்தப் பக்கமிருந்து வரும், மணல் எப்படிக் குவியும், கயிற்றை எந்தக் கோணத்தில் இழுத்துக் கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாக. கால்வாசி தூரம் போயிருப்போம். நெட்டையின் செயின் கழன்றுவிட்டது. அவன் நின்றான். செயின் சத்தம் கேட்டால் பஞ்சருக்குக் கால் தானாக நின்றுவிடும், தொழில் அப்படி. ஸ்பானர் பை என் சைக்கிளில் இருந்தது. "ஏய், பையைக் கொண்டா" என்று அவள் கூப்பிட்டாள். நான் யோசிக்காமல் வளைத்துத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பையைக் கொடுத்த பிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது.

அவர் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை, முன்னாலும் யாரும் இல்லை. ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, காற்று வரும் திசையைக் காட்டி யாருக்கோ விளக்கிக்கொண்டே போனார். பஞ்சர் கத்த வாயைத் திறந்தாள். நெட்டை அவள் வாயைப் பொத்தினான், கையெல்லாம் செயின் எண்ணெயோடு. நான் மூச்சுகூட விடவில்லை. பாதியைத் தாண்டினார். நேற்று நின்ற இடத்தையும் தாண்டினார். அந்தப் பக்க வேலியில் போய்த்தான் நிறுத்தினார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

சைக்கிள் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் போன் அடித்தது.

"எங்க போனீங்க எல்லாரும்?"

"இங்கதாங்க இருக்கோம். செயின் கழண்டுடுச்சு. நீங்க அங்கயே இருங்க, நான் வந்து கூட்டிட்டு வரேன்."

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. வேலியைச் சுற்றிக்கொண்டே வந்தாலும் வந்துவிடலாம், அரை மணி நேரம் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சைக்கிளில் ஏறியதையும் அவர் பார்த்திருக்க வேண்டும்.

"இறங்கு" என்றார். "யாரும் வராதீங்க. அங்கயே நில்லு. நானே வரேன்."

போனை அணைக்காமலே பையில் போட்டுக்கொண்டார். சைக்கிளை நிமிர்த்தினார். முதலில் ஒரு காலை ஊன்றி ஊன்றித் தள்ளினார், பிறகு மிதித்தார். நேராக வரவில்லை, இப்படியும் அப்படியும் கோணிக்கொண்டு வந்தார். போனில் டயர் சரளைக் கல்லை அரைக்கும் சத்தம் கேட்டது. நடுவே ஒருமுறை என் பெயரைச் சொன்னார். நான் "ம்" என்றேன், அவருக்குக் கேட்டிருக்காது.

எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்து வாசல் கதவு பதினோரு அடி. அவர் வேலை விட்டு வந்தால் கதவு திறந்த மறுநொடி எதிரே நிற்பார். கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில், அவர் என்னை நோக்கி வருவதை இவ்வளவு தூரத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்தால் அந்த ஒரு நொடி பார்க்காமல் போய்விடுமே என்று துடைக்காமல் நின்றேன்.