நல்ல தண்ணி

எங்கள் பக்கத்தில் தண்ணீர் இரண்டே வகை. நாக்கில் கரித்தால் உப்புத் தண்ணி. கரிக்காமல், கண்ணுக்கும் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணி. தொண்ணூறுகளில் அந்த 'நல்ல'வோடு எனக்குச் சண்டை வந்தது.

சிறுவாணி குடித்து வளர்ந்த நகரம் தன் குப்பையை எங்கள் வேலிக்கு அப்பால் கொட்டியது. மழை பெய்தால் அந்தக் குப்பை மேட்டின் அடியிலிருந்து கறுப்பு நீர் கசிந்து எங்கள் நிலத்தில் இறங்கும். கிணறு நாறிப்போனது. கத்திக் கூப்பாடு போட்டுத்தான் வீதிக்குத் தண்ணி லாரியை வரவழைத்தோம். என் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பது அந்தத் தண்ணீரில்தான்.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துபவள். சும்மா இருக்க முடியவில்லை. கசிவு நுழையும் இடத்தில் பாத்தி வெட்டி, மணலும் கொட்டாங்குச்சியைச் சுட்ட கரியும் பரப்பி, கோரை நட்டேன்.

"ஏன் அம்மணி, சாக்கடைக்குத் தோட்டம் போடறயா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். கரி மூட்டையைச் சுமந்ததும் அவர்தான்.

அடுத்த மழைக்காலத்தில் பாத்தியின் மறுமுனையில் தெளிந்த நீர் வந்தது. கிணறும் மெல்லத் தெளிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கு ஆப்பு வைக்க, லாரி அனுப்பும் அலுவலகத்திலிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். கிணற்று நீரைக் கண்ணாடி டம்ளரில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணியாயிருச்சுங்க டீச்சர். இனி லாரி எதுக்குங்க?"

"மேட்டுல காலாவதியான மாத்திரைய மூட்டை மூட்டையாக் கொட்டறாங்க. அது கரைஞ்சு வந்தாக் கண்ணுக்குத் தெரியுமுங்களா? சக்கரை கரைஞ்சாத் தெரியுதுங்களா? நான் போட்ட கரி கொஞ்சம் புடிக்கும். எல்லாத்தையும் புடிக்குமுன்னு யாருங்க சொன்னாங்க?"

"மருந்துக்கெல்லாம் எங்ககிட்ட டெஸ்ட் இல்லீங்களே."

"டெஸ்ட் இல்லீன்னா மருந்தும் இல்லாமப் போயிருமுங்களா?"

அவர் சிரித்தார். லாரி நின்றது. பால்மாவு கரைக்கவும் கிணற்றுத் தண்ணீர்தான் என்றானது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வைத்தியம் பார்த்தது, நோயே இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகிவிட்டது. அடுத்த மழையில் மண்வெட்டியை எடுத்தேன். பாத்தியின் வாயை அடைத்து, கறுப்பு நீரைத் தார் ரோட்டுப் பக்கம் வெட்டிவிட்டேன். பஸ்ஸில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். திட்டட்டும். என் பிள்ளை குடிப்பதை அவர்கள் முகரவாவது வேண்டாமா?

அதிகாரி ஓடி வந்தார். "என்னங்க டீச்சர், இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"தெளிஞ்சா லாரி நிக்குமுன்னா, தெளியவே வேண்டாமுங்க."

லாரி மறுபடி வந்தது. நீரைக் கோரைக்குத் திருப்பினேன். மண்வெட்டியை மட்டும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, வேலியிலேயே சாய்த்து வைத்தேன்.