அக்கா கப்பலில் அனுப்பிய வசனம்

அத்தானுக்குத் தோக்கியோவில் இருந்த எங்கள் தூதரகத்துக்கு மாற்றம் வந்தபோது அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருகோணமலையில், உள்துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் பிறந்து வளர்ந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று ராஜதந்திரியின் மனைவியாகிவிட்டாள். எனக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே சிநேகிதிகளின் பொறுமையைச் சோதித்தேன்.

அம்மாவுக்கு மட்டும் சந்தோஷமில்லை.

"உலகத்தில வேற நாடு இல்லையோ?" என்று அப்பாவிடம் கேட்டார்.

காரணம் இருந்தது. யுத்த காலத்தில் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது அம்மா புதுப்பெண். உடுத்த சேலையோடு வள்ளம் ஏறி மூதூருக்கு ஓடியவர். அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. ஆனால் மழைக்கு முன் இடி இடித்தால் செபமாலையைத் தேடுவார்.

அக்காவின் கடிதங்கள் நீல நிற விமானத் தபால் தாளில் வரும். மடித்து ஒட்டுகிற ஓரத்திலும் இடம் விடாமல் எழுதியிருப்பாள்; அவசரப்பட்டுக் கிழித்தால் ஒரு வரி போய்விடும். அதனால் துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த அப்பா வேலை முடிந்து வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது. அவர் சவர பிளேட்டால் வெட்டித் தருவார். நான் குசினி வாசலில் நின்று உரத்து வாசிப்பேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் கடிதத்தைக் காதால் கேட்டால்தான் அக்காவே வந்து கதைக்கிறமாதிரி இருக்கும் என்பார். பக்கத்து வீட்டு மூதூர் மாமி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வேலியால் எட்டிப் பார்த்து, "வந்துட்டா? என்ன எழுதியிருக்கா புள்ள?" என்றபடி உள்ளே வந்துவிடுவார். மாமா துறைமுக வீதியில் கடை வைத்திருந்தவர். அம்மாவும் மாமியும் ஒருவர் குசினியில் மற்றவர் உப்புப் பார்க்கிற அளவுக்குப் பழக்கம்.

"இங்கே விருந்துகளில் பெண்கள் எந்த ஒழுங்கில் நிற்பது என்று ஒரு சட்டமே இருக்கிறது" என்று அக்கா எழுதியிருந்தாள். "தூதுவரின் மனைவி முதலில். நான் கடைசி. எனக்கு அடுத்தது கதவுதான். போகிறவர் வருகிறவர் எல்லாரும் என்னிடம்தான் கோட்டைத் தருகிறார்கள்."

இன்னொரு முறை, குளிர் தாங்காமல் காஞ்சிபுரச் சேலைக்குள்ளே அத்தானின் நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஓர் அமைச்சருக்குக் கைகொடுத்ததாக எழுதினாள். மாமி சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின.

ஆனால் விருந்தில் பச்சை மீன் சாப்பிட்டதாகவும், நன்றாக இருந்ததாகவும் எழுதியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

"பச்சையாயோ?" என்றார் அம்மா. "நீ வடிவாப் பாத்து வாசி."

வடிவாகப் பார்த்தேன். பச்சையாகத்தான்.

அடுத்த சித்திரையில் வந்த கடிதத்தில்தான் கப்பல் விஷயம் இருந்தது. அக்கா இருந்த வீட்டின் மேல்மாடியில் அவளுக்கு ஒரு சிநேகிதி. அந்தப் பெண்ணின் கணவர் ஜப்பான் கடற்படை அதிகாரி. அவருடைய பயிற்சிக் கப்பல் நாலைந்து நாடுகளுக்குப் போகிறவழியில் திருகோணமலைக்கும் வருகிறது. "அவரிடம் ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறேன். அத்தானின் வயதுதான். நல்ல மனிதர். ஒருநேரச் சாப்பாடு கொடுங்கள் அம்மா."

அம்மா வெங்காயம் உரித்தபடியே இருந்தார். அப்பா பிளேட்டைத் துடைத்து உறையில் போட்டார். நான் கடிதத்தை மடித்தேன், விரித்தேன், திரும்ப மடித்தேன்.

கடைசியில் அம்மா கேட்டார்: "அத்தான்ர வயசெண்டோ எழுதியிருக்கிறாள்?"

"ஓம்."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்ப குண்டு போடேக்க அவனுக்குப் பால்பல்லும் விழுந்திராது. வரட்டும்."

பிறகு வீடு வீடாக இருக்கவில்லை. அப்பா முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். எதிர்வீட்டிலிருந்து கைபிடி வைத்த கதிரை ஒன்று வந்தது. மாமி தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் அவிப்பதாகச் சொன்னார். இறக்கக்கண்டியிலிருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் அம்மா நல்ல பாரை மீனுக்குச் சொல்லிவைத்தார்.

"பாவம், பச்சையாத் திண்டு வளந்த பிள்ளை. இண்டைக்காவது பொரிச்சுத் திண்ணட்டும்."

கப்பல் வந்த மறுநாள் மத்தியானம் அப்பா அவரைக் கூட்டிவந்தார். வெள்ளைச் சீருடை, வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் பார்சல். ஒழுங்கையில் இருந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு வேலையாக வெளியே நின்றார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். அம்மாவுக்கு அதிலேயே பாதி மனம் இளகிவிட்டது.

அவர் அம்மாவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அம்மா... நான் சுகமா இருக்கிறன். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நல்லாச் சாப்பிடுறன்."

தமிழ்! அதுவும் அக்காவின் தமிழ். 'அம்மா'வை இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, பிறகு விறுவிறென்று சொல்லும் அதே ராகம். நானும் மாமியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அம்மா சிரிக்கவில்லை. அக்காவே முன்னால் நிற்பதுபோல் அவரைப் பார்த்துக் கேட்டார்: "நல்லாச் சாப்பிடுறியோ? அப்ப ஏன் கடைசியா அனுப்பின படத்தில மெலிஞ்சுபோய் நிண்டனி?"

தான் பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்தாராக்கும், அந்த மனிதர் முகம் சிவந்து, திரும்பவும் நிமிர்ந்து நின்று, முதலிலிருந்து தொடங்கினார். "அம்மா... நான் சுகமா இருக்கிறன்..."

இப்போது அம்மாவுக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "காணும் தம்பி, விளங்கிட்டுது. வந்து இருங்கோ."

சாப்பாட்டில் அம்மா உறைப்பைக் குறைத்திருந்தார். ஆனால் எங்கள் குறைவு வேறு, அவருடைய குறைவு வேறு. மூக்கும் கண்ணும் ஓடின. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. நடுவில் தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார்.

"பொரியல் நல்லாயிருக்காம்" என்றார் மாமி.

"மாமிக்கு எப்பிடி விளங்கினது?"

"முகத்தப் பாத்தா விளங்காதா, புள்ள?" என்று கேட்டு, வட்டிலப்பத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டார். அன்று முழுக்க மொழிபெயர்ப்பு மாமிதான். தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலிஷை வைத்துக்கொண்டு அப்பா மாமிக்குப் பின்னால் ஓடினார்.

அந்த மனிதருக்கும் கொஞ்சம் இங்கிலிஷ் தெரிந்தது. யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தவர், யுத்தத்தில் இங்கேயும் சேதமா என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். அப்பா தலையாட்டினார். அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி ஏதோ சொன்னார். அப்பா அதைத் தமிழில் சொன்னார்: "இவற்ற ஊரிலயும் குண்டு விழுந்ததாம். அப்ப சின்னப் பிள்ளையாம். தாய் தூக்கிக்கொண்டு ஓடினவவாம்."

அம்மாவின் கை கறிச்சட்டிக்கு மேல் அப்படியே நின்றது.

"நானும் ஓடினனான் எண்டு சொல்லுங்கோ" என்றார். பெரிய மீன்துண்டு ஒன்றை எடுத்து அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். "சாப்பிடச் சொல்லுங்கோ."

அவர் போன பிறகுதான் பார்சலைப் பிரித்தோம். அக்கா தன் கையால் பின்னிய கம்பளிச் சால்வை. திருகோணமலை வெய்யிலில்! அம்மா அதைப் போர்த்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க, ஒழுங்கையில் நாலு வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. கப்பல் திரும்பிய அன்றே அந்த மனிதர் மேல்மாடியிலிருந்து இறங்கிவந்து எல்லாம் சொல்லியிருக்கிறார். "எனக்கு எத்தனை சகோதரங்கள் என்று கேட்டார் அம்மா. ஒன்று என்றேன். அவர் நம்பவில்லை. வீடு நிறைய நின்றார்கள், எல்லாரும் என்னைப் பற்றி விசாரித்தார்கள் என்கிறார். உங்கள் கையால் சாப்பிட்டதைச் சொல்லும்போது எனக்கு அவர்மேல் கோபமே வந்துவிட்டது. நான் இன்னும் ஒரு வருடம் பொறுக்கவேண்டும், அவர் போய் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்திருக்கிறார்."

அம்மா அந்த இடத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

பிறகெல்லாம், துறைமுகத்துக்குப் புதிதாக ஏதாவது கப்பல் வந்திருக்கிறது என்று அப்பா சொன்னால், அது எந்த நாட்டுக் கப்பல் என்று அம்மா கேட்பதில்லை. உலையில் ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டுவிடுவார்.