அத்தானின் வெள்ளோட்டம்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்டைச் சரி செய்து முடித்ததும் வேறு யாரையும் உள்ளே விடமாட்டார். முதலில் தான் மட்டும் ஏறுவார். மேலே போய்க் கீழே வந்து, கதவைத் தட்டி, கம்பியின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்குப் பிறகுதான் "ம், ஏறுங்க" என்பார். வேலையில் அது நல்ல பழக்கம். ஆண்டவன் புண்ணியத்தில் அவர் கை வைத்த லிஃப்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. என்ன, மனிதர் அந்தப் பழக்கத்தை வேலை செய்கிற இடத்திலேயே விட்டுவிட்டு வரமாட்டார். சட்டையோடு வீட்டுக்கும் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

புது நாற்காலி வாங்கினால் முதலில் அவர் உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கணும். மகளுக்குக் கல்யாணம் பேசப் போன வீட்டில், எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, இவர் போய்க் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தார். கடைசியில் உள்ளேயே மாட்டிக்கொண்டார். கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அந்தத் தாழ்ப்பாள் சரியில்லை என்று கண்டுபிடித்ததே நான்தான் என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவர் பெயர் வெள்ளோட்டம்.

அந்த மகள் இப்போது இருப்பது எல்லை ஓரத்து ஊரில். பிள்ளை பெற்றிருந்தாள். பார்க்கப் போகணும் என்றதும் அக்கா ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள். அங்கிருந்து எல்லையைத் தாண்டினால் பக்கத்து நாட்டில் பழங்காலத்துக் கோயில்கள் இருக்கின்றன. அதில் பெரிய கோயிலின் படத்தை அக்கா பல் டாக்டரிடம் காத்திருந்தபோது சுவரில் பார்த்திருக்கிறாள். பல்வலியை மறந்து, தன் முறை வந்ததையும் மறந்து உட்கார்ந்திருந்தாளாம். உச்சியில் சின்னதாக ஒரு கருவறை தெரியும். அங்கே ஒரு தடவை ஏறி நின்று கும்பிட்டுவிட வேண்டும். அவள் முழங்கால் அப்போதே பாதி போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாளில் கம்பு இல்லாமல் நடக்க முடியாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அத்தான் உடனே சம்மதித்தார். சம்மதித்தது மட்டுமா, கூடத்தையே பஸ்ஸாக மாற்றிவிட்டார். நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, அக்காவையும் என்னையும் பையோடு உட்கார வைத்து, இறங்கச் சொல்லி, ஏறச் சொல்லிப் பழக்கினார். ஜன்னல் பக்கம் அக்காவா நானா என்பதற்கே ஒரு சாயங்காலம் போனது. மாடிப்படியில் அளவு நாடாவை வைத்து, கோயில் படி இதைப்போல இரண்டு பங்கு இருக்கும் என்றார். ஆயுசு முழுக்க லிஃப்டோடு குடித்தனம் செய்தவர், படி கட்டியவன் யாராக இருந்தாலும் அவருக்கு விரோதிதான். அந்தக் காலத்து ராஜாவுக்குக் கொஞ்சமும் முன்யோசனை கிடையாது என்று திட்டினார். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, எல்லைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டீர்களா என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. நாங்கள் அவ்வளவு களைத்திருந்தோம்.

எப்படியோ மகள் வீடு போய்ச் சேர்ந்தோம். எல்லை தாண்ட மூன்று பேருக்கும் ஊரிலேயே பாஸ் வாங்கியிருந்தோம். குழந்தையைப் பார்த்தாயிற்று, கொஞ்சியாயிற்று. நாளைக்குக் கோயில் என்று அக்கா புடவையைக் கூட எடுத்து மடித்து வைத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் அத்தானைக் காணோம்.

சாயங்காலம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு, செருப்பெல்லாம் செம்மண்.

"வெள்ளோட்டம் முடிஞ்சுது," என்றார்.

தனியாகப் போய் வந்திருக்கிறார். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, டிரைவர் எப்படி பிரேக் போடுகிறார், கோயில் வாசலில் கழிவறை சுத்தமா, தண்ணீர் வருகிறதா, எல்லாம் பார்த்தாயிற்று. முன்பக்கத்துப் படியை நாடா வைத்து அளந்தபோது காவல்காரன் விரட்டியிருக்கிறான். அதையும் பெருமையாகத்தான் சொன்னார். சாமி எப்படி இருந்தார் என்று நான் கேட்டேன். சாமியா, அதுக்கு எங்கே நேரம் என்றார். ஆனால் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: உச்சிக்கு ஏறுகிற பேச்சே வேண்டாம், அது படியில்லை, ஏணி, அக்கா கீழே நின்று அண்ணாந்து கும்பிட்டால் போதும்.

 மகள் அவருடைய பாஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது ஒரு தடவை போயிட்டு வர்றதுக்குத்தானே? முத்திரை குத்திட்டாங்களே."

"அதான் போயிட்டு வந்துட்டேனே."

"இனிமே நீங்க போக முடியாதுப்பா."

அத்தான் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். சிரிப்பு மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது, கரண்ட் போன லிஃப்ட் மாதிரி. புது பாஸ் வேண்டுமென்றால் ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் வாங்கணும். அவர் லீவும் முடியப்போகிறது.  ஆனாலும் அவர், ஒன்றும் குடி முழுகிவிடவில்லை, கோயில் எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த வருஷம் எல்லாரும் சேர்ந்தே போகலாம் என்று தீர்ப்பு சொன்னார். நாங்கள் மட்டும் போகலாமே என்று நான் வாயெடுத்தேன். ஆம்பளைத் துணையில்லாமல் எல்லை தாண்டுவதா என்று என்னை அடக்கிவிட்டார். எனக்கு அக்கா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அக்கா குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வெள்ளோட்டம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல?"

"அதெல்லாம் நல்லபடியா..."

"அப்ப ஏற வேண்டியவங்க ஏறட்டும். நீங்க கீழ நின்னு பாத்துக்கிட்டு இருங்க."

மறுநாள் நானும் அக்காவும் போனோம். ஒன்று சொல்லணும், பஸ் விஷயத்தில் அத்தான் சொன்னது அத்தனையும் சரி. டிரைவர் பிரேக் போட்ட விதம்கூட அப்படியே. ஆனால் கோயிலை அவர் பார்க்கவே இல்லை என்பது போய் இறங்கியதும் தெரிந்துவிட்டது. இவ்வளவு பெரிய கல்மலையின் முன்னால் வந்து நின்றுவிட்டு ஒருத்தர் கழிவறைக் கதையைச் சொல்ல முடியுமென்றால் அது எங்கள் அத்தானால் மட்டும்தான் முடியும்.

முன்பக்கத்துப் படி ஏணிதான், அதில் பொய்யில்லை. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா பிரகாரம் சுற்றலாம் என்று அவளை அழைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே மரத்தில் படி போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்திருந்தார்கள். எங்களைவிட வயதானவர்கள் பேசிக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பாதி ஏறும்போது போன் அடித்தது. அத்தான். பொய் சொன்னால் பாவம், உண்மையைச் சொன்னால் இறங்கச் சொல்வார். நான் எடுக்கவே இல்லை. அக்கா ஒரு படிக்கு ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

உச்சியில் கருவறை காலியாக இருந்தது. பீடம் இருந்தது, அதன் மேல் ஒன்றுமில்லை. வௌவால் நாற்றம். எனக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது.

"சாமி இல்லியேக்கா."

"இத்தனை காலம் நின்னவரு, கொஞ்சம் வெளிய போயிருப்பாரு. வர்ற வரைக்கும் நாம நிப்போம்."

கை கூப்பி நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முழங்காலை ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை.

வீடு திரும்பியதும் அத்தான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பஸ் நேரத்துக்கு வந்ததா, கழிவறையில் தண்ணீர் வந்ததா, போனை ஏன் எடுக்கவில்லை என்று மூச்சு விடாமல் கேட்டார். அக்கா உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்தாள். பின்பக்கம் கைப்பிடி போட்ட படி இருக்கிறது, அதில் ஏறி உச்சியில் நின்று கும்பிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். 

"ரொம்ப நல்ல எடம்," என்றாள் அக்கா. "நீங்களும் ஒரு தடவை போய்ப் பாக்கணும்."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.  அத்தான் மட்டும், அந்தக் கைப்பிடி ஆடாமல் இருந்ததா என்று கேட்டார்.