வடமதுரைப் பக்கத்துக் குளமும் சத்தத்தை விழுங்கிய சேறும்

எங்கள் ஆய்வகத்தில் ஊரைப் பார்த்துத்தான் ஆளைக் கடலுக்கு அனுப்புகிறார்கள். கடலுக்கடியில் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று கணிக்கும் கணினி மாதிரியை எழுதியவன் நான். தண்ணீரின் சூடு, உப்பு, ஆழம், அடிமண் ஆகியவற்றைக் கொடுத்தால் விடை சொல்லும். ஆனால் அளவெடுக்கும் படகில் எனக்கு இடமில்லை. “திண்டுக்கல்காரனுக்குக் கடல் எதுக்கு? உங்க ஊர்க் குளத்துல கணக்கு சரியா வந்தா ஏறிக்கோ” என்றார் என் நெறியாளர். போன சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பினேன்.

காலை 6.10க்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பள்ளித் தோழன் நாசர் ஆட்டோவோடு நின்றான். குளம் 22 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். மற்றவர்களுக்கு 600 ரூபாய். என்னிடம் டீசலுக்கு 200 வாங்கினான்.

“ஏலே, மைக்க தண்ணிக்குள்ள எறக்குற, மீனு பேட்டி குடுக்குமா?” என்று கேட்டுக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் மைக் தொங்கும் கயிற்றைப் பிடித்து நின்றான்.

கிழக்குக் கரையில் ஒரு பிடி மண்ணெடுத்து, அதையே குளம் முழுக்க அடிமண்ணாகக் கணினியில் போட்டேன். தண்ணீருக்குள் ஒலியெழுப்பி மைக்கில் அளந்தபோது, கிழக்கே கணிப்பும் அளவும் ஒட்டி வந்தன. மேற்கே அதே ஆழம்தான். சத்தம் பாதி வழியிலேயே செத்துப்போனது.

“கிழக்க எடுத்தத மட்டும் அனுப்பு. இம்புட்டு தூரம் எவன் வந்து பாக்கப் போறான்?” என்றான் நாசர். எனக்கும் ஆசைதான்.

கரையோரக் கனகாம்பரத் தோட்டத்திலிருந்து பாண்டியம்மாள் அக்கா சிரித்தார். “மேக்கால மண்ண நாங்க வயலுக்கே அள்ள மாட்டோம். ஊருச் சாக்கடை பூரா அங்கதான் விழுது. குத்திப் பாரு தம்பி.”

மூங்கில் கழியால் குத்தினேன். குமிழிகள் கொப்பளித்தன, நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அழுகிய சேற்றுக்குள் வாயு. அந்தக் குமிழிகள்தான் சத்தத்தை விழுங்கியிருக்கின்றன. வயலுக்கு மண் அள்ளுகிறவர்களுக்குத் தெரிந்தது என் மாதிரிக்குத் தெரியவில்லை. ஊர்க்கழிவைக் குளத்தில் விடுகிறவர்களைத் திட்டித் தீர்த்தேன். “கத்துனது போதும், குடி” என்று அக்கா மோர் கொடுத்தார்.

இதுபோல அளவெடுக்க வருகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் முடியுங்கள், பிறகு காற்றில் எழும் அலைச்சத்தம் மைக்கை நிரப்பிவிடும். மேற்குக் கரை வழுக்கும். எங்கே மண் அள்ளுவார்கள், எங்கே அள்ள மாட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டு கரை அளவுகளையும் நெறியாளருக்கு அனுப்பினேன். மேற்கே என் கணக்குத் தப்பு என்றும், படகு போகவிருக்கும் முகத்துவாரத்திலும் சாக்கடைதான் கலக்கிறது, அங்கும் இதே தப்பு வரும், நான் படகில் வந்து அடிமண்ணைப் பார்த்தால்தான் திருத்த முடியும் என்றும் எழுதினேன். படித்துவிட்டார். ஐந்து நாளாகப் பதில் இல்லை.

இந்தப் பதிவிலும் கேட்கிறேன் நெறியாளர் சார்: படகு என்றைக்குக் கிளம்புகிறது? நான் எத்தனை மணிக்கு வந்து ஏற வேண்டும்?