வாளிக்குள் ஒரு கடல்

என் சித்தி ஒருமுறை ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் வீட்டுச் சமையலறையில் கடல் செய்தார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அந்தக் கடலை நான் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

சித்தி அம்மாவின் தங்கை. பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பேராசிரியர். பசிபிக் கடலில், வரைபடத்தில் ஈ இருந்துவிட்டுப் போன புள்ளிபோலத் தெரியும் ஒரு தீவுக்கு ஆண்டுதோறும் போவார். அங்குள்ளவர்கள் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் கொடுக்கும் இலைகளில் என்னதான் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை. எங்கள் வீட்டு பேஸ்மென்றில்தான் குடியிருந்தார். அவர் தீவுக்குப் போய்விட்டால் கீழே லைற் எரியாது. படிகளில் இறங்கவே எனக்குப் பயமாக இருக்கும். எட்டு வயதில் எனக்கு ஒரேயொரு எதிரிதான் இருந்தது. அது அந்தத் தீவு.

அந்த ஆண்டு, ஆறாத புண்ணை ஆற்றும் ஓர் இலையின் சாரத்தைச் சித்தி பிரித்தெடுத்திருந்தார். சின்னக் குப்பி ஒன்றில் கொஞ்சம் வெள்ளைத் தூள். சீனி என்று தேத்தண்ணியில் போட்டுக் கொடுத்தாலும் குடித்திருப்பேன். சோதனையில் அது வேலை செய்கிறது என்று தெரிந்த அன்று சித்தி வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தார். தங்கையின் பெயர் உலகமெல்லாம் தெரியப்போகிறது என்று அம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னார்.

பிறகு தீவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இலையைக் கொடுத்த மருத்துவச்சியின் மகள் பேசினார். யாரோ ஒரு கம்பனிக்காரர் வந்து அந்த மரங்களுக்கு விலை பேசியிருக்கிறார். ஊர் கூடி, இனி இந்த இலை வெளியே போகவேண்டாம், ஏற்கெனவே போனதும் கடலுக்குத் திரும்பவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டது. அங்கே மருந்து என்பது இரவல். மிஞ்சியதைக் கடலில் விட்டுவிட வேண்டும். வீட்டில் வைத்திருந்தால் நோய் அதைத் தேடிக்கொண்டு வரும் என்பார்களாம். ஊர் எப்போது கேட்டாலும் அப்படியே செய்கிறேன் என்று சொல்லித்தான் சித்தி இலையை வாங்கியிருந்தார்.

அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. “பத்து வருஷமா உதோட மாரடிச்சனியெல்லே. ஒரு குப்பியை வைச்சிருந்தா ஆருக்குத் தெரியப்போகுது?”

“இலையைத் தரேக்கை அவையள் என்னட்டை ஒரு கையெழுத்தும் கேக்கேல்லை அக்கா,” என்றார் சித்தி.

அம்மா கார்ச் சாவியைத் தேடி எடுத்தார். ஆனால் ரொறன்ரோவில் கடலுக்கு எங்கே போவது? ஏரிதான் இருக்கிறது, அது எவ்வளவு பெரிதானாலும் நல்ல தண்ணீர். சித்தி வாளியில் தண்ணீர் பிடித்தார். கேக்குக்கு மா நிறுக்கும் தராசை எடுத்து, உப்பை நிறுத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் நிறுத்தார். அவரிடம் கைக்கணக்கு என்பதே கிடையாது. மரக்கரண்டியால் கலக்கி முடிந்ததும் என்னை ருசி பார்க்கச் சொன்னார். நான் அதுவரை கடலைக் கண்டதில்லை. “ஓம், கடல்தான்” என்று பெரிய மனுசிபோலத் தீர்ப்புச் சொன்னேன்.

அம்மா கார் ஓட்ட, பின்சீற்றில் வாளியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். கடல் என் சப்பாத்தில் இரண்டு தரம் சிந்தியது. ஏரிக்கரையில் வசந்தகால மூட்டம். அக்கரையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. தண்ணீர் எங்கோ பஞ்சுக்குள் போய்ச் சேர்ந்ததுபோல இருந்தது. ஆய்வுகூடத்தில் மீதமிருந்த காய்ந்த இலைகளைச் சித்தி ஒவ்வொன்றாக வாளியில் விட்டார். அவை மெல்ல மெல்ல விரிந்து பச்சையாகின. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குப்பி. அதை உள்ளங்கையில் வெகுநேரம் வைத்திருந்துவிட்டுக் கவிழ்த்தார். தூள் தண்ணீரில் பட்டதும் காணாமற்போனது. வாளியைத் தூக்கி ஏரியில் சரித்தார்.

“சித்தி, இனித் தீவுக்குப் போகமாட்டியளோ?”

“இல்லைக் குஞ்சு. இனி அங்கை எனக்கென்ன வேலை.”

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வெறும் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரை நெடுக ஆடினேன். ஆடாதே என்று அம்மா அதட்டினார், ஏனென்று விளங்கவில்லை. சித்தி மட்டும், “அவள் ஆடட்டும் அக்கா,” என்றார்.

அதன்பின் சித்தி ஓய்வுபெறும் வரை முதலாம் வருடப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். வேறு இலை எதையும் தொடவில்லை. அதெல்லாம் பின்னால். அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது பேஸ்மென்றில் லைற் எரிந்துகொண்டிருந்தது. கீழே சித்தி நடக்கும் சத்தம், நிற்கும், மறுபடி நடக்கும். இனி எல்லா இரவும் இப்படி வெளிச்சமாக இருக்கும் என்ற நிம்மதியில் நான் போய்ப் படுத்து, நன்றாகத் தூங்கிப்போனேன்.