சங்கு உன்னுதா, கம்பெனியுதா?

எங்கள் பக்கத்தில் சங்கு என்றால் கம்பெனி சங்குதான். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற வரைக்கும் ஷிப்டு ஏற ஒரு சங்கு, இறங்க ஒரு சங்கு. கடிகாரம் பார்த்து எழுந்தவன் எங்கள் தெருவில் கிடையாது. இது போக ஆபத்துச் சங்கு என்று ஒன்று தனியாக உண்டு. வாயு கசிந்தால் ஊதுவதற்கு. அதைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏற்றி இறக்கி ஊதினால் ஆபத்து, ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகவும். ஒரே நீட்டாக ஊதினால் ஆபத்து நீங்கியது, வீடு திரும்பலாம்.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். ஆனாலும் அந்த நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடம் செய்தவன் தெருவிலேயே நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் அதில் வடை வைத்துச் சாப்பிட்டார்கள். எனக்குப் பயம் ஜாஸ்தி. கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். பார்க்கும்போது கை பட்டுத் திறந்துவிட்டேனோ என்று மறுபடி பாதி வழியிலிருந்து வருவேன்.

வேலை, கன்டெய்னர் ரிப்பேர் யார்டில். கப்பலிலும் லாரியிலும் இடிபட்டு டொக்கு விழுந்து வருகிற இரும்புப் பெட்டிக்குள் போய் நின்று சம்மட்டியால் அடித்து நிமிர்த்த வேண்டும். இருபத்தெட்டு வருஷம். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று மேஸ்திரி சொல்வார். பஞ்சு உள்ளே போய் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து நான் வைத்துக்கொண்டதே இல்லை.

என் மகள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வண்ணாரப்பேட்டையிலிருந்து சம்பந்தியம்மா வந்தார். வஞ்சிரம் குழம்பு சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் படுத்தோம். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. பேன் நின்றது. பக்கத்து வீட்டு டிவி நின்றது. தெருவே கப்பென்று அடங்கியது. அந்த அமைதியில் எனக்குக் கேட்டது, மெல்லிசாக, விடாமல், ஙீ என்று.

"சங்கு!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன்.

"எங்க?" என்றாள் மனைவி.

"உனுக்குக் கேக்கலியா?"

அவள் பதில் சொல்வதற்குள் நான் தெருவில் இருந்தேன். கையில் கிடைத்த கல்லால் கரண்டுக் கம்பத்தை அடித்தேன். சம்மட்டி பிடித்த கை, கம்பம் அலறியது. எங்கள் தெருவில் கம்பத்தை அடித்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், ஓடுவார்கள். துண்டு, பாவாடை, தலையணை உறை என்று அகப்பட்டதை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். எதிர்வீட்டு மீன் வண்டிக்காரர் வீட்டில் தண்ணீர் இல்லை. துண்டை ரசத்தில் முக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மகளை ஒரு கையிலும் சம்பந்தியம்மாவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு என் மனைவி ஓடினாள். வழியில் சம்பந்தியம்மாவின் செருப்பு ஒன்று காணாமல் போனது. முட்டியும் சிராய்த்துக்கொண்டது.

மைதானத்தில் அரை மணி நேரம் நின்றோம். நீட்டுச் சங்கு ஊதினால் திரும்பலாம் என்று காத்திருந்தார்கள். எனக்கு அது ஊதிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் மீன் வண்டிக்காரர் கம்பெனி கேட் வரை போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"மாமு, செக்யூரிட்டி தூங்கிகினு கீறான். சங்கும் ஊதல, ஒரு மண்ணும் ஊதல. உனுக்கு எங்க கேட்டுச்சு?"

"இப்பக்கூடக் கேக்குதே."

எல்லாரும் என் தலையைப் பார்த்தார்கள். பிறகு மூக்குத் துணியை அவிழ்த்துப் பிழிந்தார்கள். மைதானத்தில் ரச வாசனை வந்தது.

சம்பந்தியம்மா ஒற்றைச் செருப்போடு என் முன்னால் வந்து நின்றார். "அண்ணே, புள்ளத்தாச்சிப் பொண்ண இந்த வெய்யில்ல ஓட வுட்டீங்களே. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னு வெச்சிக்கோங்க, நான் கையோட எங்க ஊட்டுக்கு இட்டுகினு பூடுவேன். பிரசவம் அங்கியே ஆவட்டும்."

என் மனைவிக்கு உயிர் போய்விட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பாதியில் திருப்பி அனுப்பினால் தன் அண்ணன் தம்பி முகத்தில் எப்படி விழிப்பாள்? என் கவலை வேறு. மகள் கண்ணெதிரே இருக்கும்போதே எனக்கு இவ்வளவு பயம். வண்ணாரப்பேட்டைக்குப் போனால் அந்த மாடிப்படி, அந்தத் துணிக்கடைத் தெரு ஜனக்கூட்டம், அந்தத் துணி மூட்டைகள் எல்லாவற்றையும் இங்கிருந்தே நினைத்து நினைத்துச் செத்துவிடுவேன். ஆக, இனிமேல் பொய்ச் சங்குக்கு ஓடவும் கூடாது, நிஜச் சங்குக்கு ஓடாமல் இருக்கவும் கூடாது. இரண்டில் எது தப்பானாலும் கேடு என் மகளுக்குத்தான்.

மனைவி அன்று மாலையே ஒரு தீர்வு சொன்னாள். "உன் காதுல எப்டி ஊதுது? ஏத்தி எறக்கியா, நீட்டாவா?"

"நீட்டா."

"நோட்டீஸ்ல இன்னா போட்டுகீது? நீட்டா ஊதுனா ஆபத்து இல்ல. அவ்ளோதான்யா, பேசாம படு."

யோசித்தால் அவள் சொன்னது சரி. இருபத்து நாலு மணி நேரமும் ஆபத்து இல்லை ஆபத்து இல்லை என்று எனக்கு மட்டும் தனியாக ஒரு சங்கு ஊதிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுத்தான் நான் பயந்து கிடந்தேன். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். பயந்தால் எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். நெஞ்சு அடித்தால் காதுச் சத்தம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஏறி இறங்கினால் ஓட வேண்டும்.

தெருவில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. சங்கு மாமு. தூரத்தில் எந்த ரயில் கூவினாலும், லாரி ஹாரன் அடித்தாலும், யாராவது ஒருவர் ஜன்னல் வழியாகக் கேட்பார்கள்: "மாமு, இது உன்னுதா, கம்பெனியுதா?"

நிம்மதியாக இருந்த இடம் ஒன்றே ஒன்று, யார்டில் அந்த இரும்புப் பெட்டிக்குள். சம்மட்டியால் அடிக்க ஆரம்பித்தால் காதுச் சத்தம் கேட்காது. அதனால் சாப்பாட்டு வேளையிலும் உள்ளே போய் டொக்கே இல்லாத இடத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "யோவ், நீ அடிச்சி அடிச்சித்தான் அங்க இப்ப டொக்கு வுழுந்துகீது" என்று வெளியே அனுப்பினார். மறுநாள் லீவு கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மனைவியும் வந்தாள். சீட்டு எழுதும் இடத்தில் ஒரு இளம் டாக்டரம்மா. பேச்சைக் கேட்டால் தெற்கே எங்கேயோ ஊர்.

"என்ன பண்ணுது உங்களுக்கு?"

"சங்கு ஊதுது டாக்டர்."

"யார் ஊதுறாங்க?"

"கம்பெனில."

"எந்தக் கம்பெனி?"

"அதான் தெரில. கேட்டா யாருமே ஊதலன்றாங்க."

"எதுக்காக ஊதுறாங்க?"

"நாங்க ஓடறதுக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஓடுனீங்களா?"

"நான் எங்க டாக்டர், தெருவே ஓடுச்சு."

மிகவும் அன்பாகப் பேசி, ஒரு சீட்டு எழுதி, மாடிக்குப் போகச் சொன்னார். அவ்வளவு அன்பாகப் பேசியதுமே எனக்குச் சந்தேகம், பெரிய வியாதியோ என்று. மாடியில் ஒரு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் மனைவி தலைக்கு மேலே இருந்த போர்டை வாசித்தாள். மனநலப் பிரிவு.

அங்கே இருந்த டாக்டருக்கு ராயபுரம். சீட்டைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சங்கு? கம்பெனி சங்கு மாதிரி காதுல சத்தமா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப காதுல இரைச்சல்னு சொல்லணும் நைனா. அந்தம்மா ஊர்ல சங்கு ஊதுதுன்னா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். செத்தவங்க சத்தம் உனுக்குக் கேக்குதுன்னு எழுதி அனுப்பிகீது." சிரித்துக்கொண்டே காது பரிசோதனைக்குத் திருப்பி அனுப்பினார்.

காது பரிசோதனை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள். தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்கு. கதவை மூடியதும், அந்த அமைதியில், ஙீ. அமுக்கினேன். மறுபடி ஙீ. மறுபடி அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன். பரிசோதனை செய்கிற அம்மா கதவைத் திறந்தார்.

"ஐயா, நான் இன்னும் மிஷினே போடல."

பாஸாகிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அந்த அம்மா பொறுமைசாலி. ஏதாவது சத்தம் விட்டுவிட்டு வந்தால் மட்டும் அமுக்கச் சொல்லி, மறுபடி பார்த்தார். இத்தனை வருஷம் இரும்புச் சத்தத்தில் நின்றதால் காது கெட்டிருக்கிறது, அதனால் காது தானாக இரைகிறது, ஒரேயடியாக நிற்க மருந்து இல்லை, பழகிக்கொள்ளலாம் என்றார். வேலையில் காதை மூடுகிற கவசம் போடச் சொன்னார். எண்ணெய் ஊற்றக் கூடாது, குச்சி விடக் கூடாது. அமைதியான இடத்தில் உட்காராமல் பேனையோ ரேடியோவையோ சின்னதாக ஓட விடலாம்.

"அதெல்லாம் சரிம்மா. நெஜ சங்கு ஊதுனா எனுக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டேன். மகள் கதையையும் சம்பந்தியம்மா கதையையும் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு காதையும் விரலால அடைச்சிப் பாருங்க. குறைஞ்சா வெளிய. குறையாம இன்னும் ஜாஸ்தியா கேட்டா உள்ள."

இதற்குக் காசு வாங்காமல் அனுப்பினார்களே என்று எனக்குத் தாங்கவில்லை. வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் காதை அடைத்தும் திறந்தும் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டுக் கத்தியது குறைந்தது. வெளியே. மனைவி திட்டியது குறைந்தது. அதுவும் வெளியே. வீட்டுக்கு வந்ததும் தெரு முழுக்க அந்த வித்தையைச் சொன்னேன். மீன் வண்டிக்காரர் தினம் இரண்டு முறை செய்து பார்த்தார், அவர் காதிலும் ஏதாவது ஆரம்பித்துவிட்டதா என்று.

மகளுக்கு நாள் நெருங்கியது. ஒரு புதன்கிழமை காலை, யார்டில் பெட்டி வராததால் நான் வீட்டில் இருந்தேன். சம்பந்தியம்மா மருமகளுக்கு எறா தொக்கு செய்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பதினோரு மணி இருக்கும். ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, ஒரு சத்தம்.

நான் எழுந்திருக்கவில்லை. சம்பந்தியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நெஞ்சு அடித்த அடியில் எது உள்ளே ஏறுகிறது, எது வெளியே இறங்குகிறது என்று புரியவில்லை. மெதுவாக வாசலுக்குப் போனேன். தெருவே வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமு, உன்னுதா, கம்பெனியுதா?" என்று மீன் வண்டிக்காரர் கேட்டார்.

"இரு" என்று இரண்டு காதிலும் விரலை விட்டேன்.

அதைப் பார்த்துத் தெருவில் இருந்த அத்தனை பேரும் இரண்டு காதிலும் விரலை விட்டார்கள். கைக்குழந்தைக்கு அதன் அம்மா தன் உள்ளங்கையால் அடைத்தாள். சம்பந்தியம்மா தொக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடைத்துக்கொண்டார். அந்தச் சமயம் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று எங்களைத் தாண்டி மெதுவாகப் போனது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டே போனார். யாருக்கும் கேட்கவில்லை. காதை அடைத்திருந்தோம்.

எடுத்தேன். சத்தம் ஜாஸ்தி. அடைத்தேன். குறைந்தது. மூன்றாவது தடவையும் பார்த்தேன், தப்பக் கூடாதே.

"கம்பெனியுது!" என்று கத்தினேன்.

இந்த முறை எல்லார் வீட்டிலும் தண்ணீர் இருந்தது. மகளை மீன் வண்டியில் உட்கார வைத்து, மேலே ஈரப்புடவை போர்த்தி, மீன் வண்டிக்காரர் முன்னால் இழுக்க நான் பின்னால் தள்ளினேன். அவள் துணிக்குள்ளிருந்து, "நைனா, மீன் நாத்தத்துல கேஸு நாத்தமே தெரியாது" என்றாள். சம்பந்தியம்மா எங்கள் எல்லாருக்கும் முன்னால் போனார். இரண்டு செருப்பும் காலில் இருந்தது.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. கையில் கடிகாரத்தோடு ஒரு அதிகாரி, மேஜையில் பிஸ்கட், டீ. எங்களைப் பார்த்ததும் அவர் கைதட்ட ஆரம்பித்தார். அது ஒத்திகை. ஆட்டோக்காரர் சொல்லிக்கொண்டு போனதும் அதைத்தான்: இது ஒத்திகை மட்டுமே, பயப்பட வேண்டாம். மற்ற தெருக்காரர்கள் அதைக் கேட்டு, பயப்படாமல், வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வந்த ஒரே தெரு நாங்கள். அதுவும் ஈரத்துணியோடு, கர்ப்பிணிக்கு வண்டி ஏற்பாட்டோடு. "இவ்ளோ பயிற்சி உங்களுக்கு யார் குடுத்தது?" என்று அதிகாரி கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

மறுபடியும் ஒன்றுமில்லாததற்கு ஓட வைத்துவிட்டேன். சம்பந்தியம்மா பக்கம் பார்க்கவே இல்லை. தெருவுக்குப் பரிசாக ஒரு பெரிய எவர்சில்வர் பக்கெட் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். எடுக்கும்போது யாரோ என் தோளை இடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார்கள். சம்பந்தியம்மா. கையில் பிஸ்கட்.

"அண்ணே, பொண்ணு இங்கியே இருக்கட்டும்" என்றார், கேமராவைப் பார்த்தபடி. "எங்க தெருவுல ஆடித் தள்ளுபடிக்கு மைக் வெச்சிக் கத்துற கத்துல சங்கு ஊதுனா எவனுக்குக் கேக்கும்? எல்லாம் துணி எடுத்துகினு இருப்பானுங்க."

அடுத்த வாரம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் மத்தியானம், எங்கள் தெருவில் வழக்கமாகக் கரண்ட் போகிற நேரத்துக்குப் போனது. பேன் நின்றது. என் காதில் ஙீ. கூடவே மெல்லிசாக இன்னொரு சத்தம், ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

எழுந்துபோய்த் தூளி பக்கத்தில் நின்றேன்.

"யோவ், கொழந்த அழுவுது, தூக்காம காத அடைச்சிகினு நிக்கிற?" என்றாள் மனைவி.

"இரு, பாக்கறேன்."

குறைந்தது. வெளியேதான். தூக்கிக்கொண்டேன்.